ஆலிவ் மரத்துக்கு இரண்டு கையெழுத்து

வீடு வாங்குவதற்கு முன்பு நான் எழுதிவைத்த சரிபார்ப்புப் பட்டியலில் நாற்பத்திரண்டு வரிகள் இருந்தன. பத்தொன்பதாவது வரி இது: "முற்றம், ஆலிவ் மரம் ஒன்று." அதன் பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக் போட்டிருந்தேன். நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்த டிக்தான்.

நான் எதையும் மூன்று முறை சரிபார்க்கிறவள். பாபோஸ் நகரத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ஐந்து வருடமாக வேலை செய்கிறேன். அங்கே மூன்று முறை சரிபார்ப்பது விதி. வீட்டில் அது வியாதி. கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் ஒரு வரியைச் சரியாகப் பார்க்காமல் விட்டேன் என்பதை இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் போகும் மாலைநேர எழுத்து வகுப்பில் எங்கள் ஆசிரியை, "வருத்தப்பட்டதை அப்புறம் எழுதலாம், நடந்ததை முதலில் வரிசையாக எழுதுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அதனால் வரிசையாகவே எழுதுகிறேன்.

ஜூன் மாதம் வீட்டை வாங்கினேன். பாபோஸிலிருந்து மலைப்பக்கம் நாற்பது நிமிடம். கல் வீடு, இரண்டு அறை, ஒரு சமையலறை. கழிவறை வெளியே, ஏழு படி இறங்கி முற்றத்தைத் தாண்டிக் கோடியில் இருந்தது. விற்றவர்கள் பழைய உரிமையாளரின் பிள்ளைகள், லண்டனில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒரு முறைகூட இந்த முற்றத்தில் நின்றதில்லை. கடலுக்கு அப்பால், என் சொந்த ஊரான தெசலோனிக்கியில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டை விற்ற பணமும் என் சேமிப்பும் இதற்குச் சரியாகப் போயிற்று.

தெசலோனிக்கி வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. அம்மா வசந்த காலத்தில் விழுந்து, இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்து, அதன் பிறகு ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருந்தாள். அங்கே நவம்பர் பாதி வரைதான் வைத்துக்கொள்வார்கள். என் அண்ணன் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறான். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவைத்திருந்தான்.

"நவம்பர் பதினஞ்சுக்குள்ள வீட்டுக்குள்ள பாத்ரூம் தயாரா இருந்தா அம்மா உன்கிட்ட வரட்டும். இல்லன்னா நான் கூட்டிட்டுப் போறேன், தனாயி. சண்டை போடாத" என்றான்.

அம்மா போனில் வேறு மாதிரி சொன்னாள்: "நல்லது கெட்டது எதுவா இருந்தாலும் எனக்குப் புரியிற பாஷையில திட்டு வாங்கணும்டி. அந்த ஊருக்கு என்னை அனுப்பிடாத. ஆனா ஏழு படி இறங்கிப் போகச் சொன்னா என்னால முடியாது. அதையும் சொல்லிட்டேன்."

செப்டம்பரில் என் முற்றத்து மரம் காய்த்துக் குலுங்கியது. அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கென்று ஒரு மரம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று மாதமாக எனக்குத் தக்காளியும் ரொட்டியும் ஹலூமி சீஸும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர்க் குழாய் உடைந்தபோது கூப்பிடாமலே நான்கு பேர் வந்தார்கள். கைம்மாறு செய்ய இதுதான் நேரம் என்று தோன்றியது. ஏணி போட்டு எட்டிய வரை பறித்தேன். முப்பத்தொரு கிலோ. ஒவ்வொரு காயையும் கல்லால் தட்டி, ஒன்பது நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, பூண்டும் எலுமிச்சையும் கொத்தமல்லி விதையும் போட்டுப் பதினொரு ஜாடிகளில் அடைத்தேன். நீல ரிப்பன் கட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: "என் மரத்திலிருந்து, நன்றியுடன், தனாயி."

பதினொரு வீட்டிலும் வாங்கிக்கொண்டார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் பியெரிஸ் மாமா மட்டும் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"மரம் நல்லா இருக்கா?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு மாமா. இந்த வருஷம் நல்ல காய்ப்பு."

"ஆமாமா. நல்ல காய்ப்புதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பேக்கரி வைத்திருக்கும் ரொடூலா அத்தை ஜாடியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தாள். கொட்டையைத் துப்பினாள். "கொத்தமல்லி விதை கம்மி" என்றாள். அவ்வளவுதான்.

அக்டோபர் பதினான்காம் தேதி பொறியாளர் லொயிசோஸ் வந்தார். என் வயதுதான். எதையாவது மென்றுகொண்டேதான் பேசுவார். உள்ளே பாத்ரூம் கட்டுவதில் சிக்கல் இல்லை, செப்டிக் டேங்க் தோண்டத்தான் இடம் வேண்டும். முற்றத்தில் மற்ற இடமெல்லாம் பாறை. மரத்துக்கு இரண்டு மீட்டர் தள்ளி ஓர் இடம்தான் தேறும் என்றார். பிறகு பத்திரத்தைக் கேட்டார். புரட்டினார். மெல்லுவதை நிறுத்தினார்.

"மரம் யாரோடது?"

"என்னோடதுதான்."

"கடைசிப் பக்கம் பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"படிச்சீங்களா?"

படிக்கவில்லை. கடைசிப் பக்கம் தனித் தாளாக, பழைய முத்திரையோடு, ஏதோ பழைய அளவைக் குறிப்பு போல இருந்தது. அதில் தெளிவாகவே எழுதியிருந்தது: ஆலிவ் மரம் ஒன்று, நிலத்தின் உரிமையாளருக்கு உரியதல்ல. பாதி பியெரிஸ், பாதி ரொடூலா.

"அதெப்படி? மண்ணு என்னுது, மரம் இன்னொருத்தரோடதா?"

"உங்க ஊர்ல இல்லையா? இங்க பழைய இடங்கள்ல இப்படித்தாங்க. எங்க மாமாவுக்கு ஒரு கரோப் மரத்துல மூணுல ஒரு பங்கு இருக்கு. வெயில் காலத்துல போய் மூணுல ஒரு பங்கு நிழல்ல மட்டும் உக்காந்துட்டு வருவார்." அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "வேர்ப்பக்கம் தோண்டுறதுன்னா மரத்துக்காரங்க கையெழுத்து வேணும். ரெண்டு பேரோடதும். அது இல்லாம அனுமதிக்கு மனுப் போட முடியாது. இருபத்துநாலாம் தேதிக்குள்ள வேலை ஆரம்பிச்சாத்தான் நவம்பர் பதினஞ்சுக்கு முடியும்."

நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். நீல ரிப்பன். "என் மரத்திலிருந்து." அவர்களுடைய காயைத் திருடி, ஊறவைத்து, அவர்கள் வாசலிலேயே கொண்டுபோய் நன்றி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். லொயிசோஸ் போன பிறகு பட்டியலை எடுத்து நாற்பத்திரண்டு வரிகளையும் திரும்பப் படித்தேன். மற்ற நாற்பத்தொன்றும் சரியாகத்தான் இருந்தன. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

மறுநாள் மாலை பியெரிஸ் மாமா பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"வாம்மா தனாயி. இன்னைக்கு என்ன, என் கோழியைச் சமைச்சு எனக்கே கொண்டாந்திருக்கியா?"

"மாமா, சத்தியமா எனக்குத் தெரியாது. மண்ணை வாங்கினா மரமும் சேந்து வரும்னு நெனச்சேன். எங்க ஊர்ல அப்படித்தான்."

"எங்க தாத்தா அந்த வீட்டை வித்தாரு. மரத்தை விக்கல. ஊருக்கே தெரியும்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"ஏணி போட்டு ஏறி நின்னு பறிக்கிறவகிட்டப் போய் என்னத்தைச் சொல்றது?" என்றார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் நெனச்சது வேற. என் தங்கச்சி அவ பாதியை உனக்கு வித்துட்டா, என் பாதியையும் சேத்துக் காட்டிக்குடுத்துட்டான்னு நெனச்சேன். ரெண்டு வாரமா அவ பேக்கரி வழியா பஸ்ஸை ஓட்டுறதில்லை. சுத்திப் போறேன். பசங்க தினமும் பத்து நிமிஷம் லேட்டு. டீச்சர் என்னைத் திட்டுது."

கையெழுத்து வேண்டும் என்று சொன்னேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன், தேதியைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க அம்மாவுக்காகப் போடுறேன். ஆனா முதல்ல அவ போடட்டும். நான் முதல்ல போட்டேன்னு வெச்சுக்க, அண்ணன்காரன் வளைஞ்சு குடுத்துட்டான்னு பேக்கரிக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் ரொட்டியோட சேத்துப் பொட்டலம் கட்டிக் குடுப்பா."

ரொடூலா அத்தை என்னோடு மாலை வகுப்பில் படிக்கிறாள். எழுதுவதில் அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அவள் கணவர் தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துக் கத்துகிற நேரமும் வகுப்பு நேரமும் ஒன்று. ஊர்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் மேசைகளில் முழங்கால் இடிக்க உட்காருவோம். வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவளிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

"அப்ப அவன் உனக்கு விக்கலையா?"

"யாரும் விக்கல அத்தை. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

"நான் அவன்தான் வித்துட்டான்னு நெனச்சு உன் ஜாடியைத் தொடாம வெச்சிருந்தேன். முதல் நாள் தின்ன ஒண்ணோட சரி." பையைத் தோளில் மாட்டினாள். "கையெழுத்துதானே? அவன் முதல்ல போட்டா நான் போடுறேன்."

"அவரும் அதையேதான் சொல்றார்."

"சொல்லுவான். அவன் மகன் கல்யாணத்துல என்னை எங்க உக்கார வெச்சான் தெரியுமா? பாட்டுக்காரங்க ஸ்பீக்கருக்குப் பின்னாடி! சொந்த அத்தையை! மூணு நாள் காது கேக்கல எனக்கு."

"அது பதினோரு வருஷம் ஆச்சுன்னு சொல்றாங்களே அத்தை."

"காது மூணு நாள்ல சரியாயிடுச்சு" என்றாள்.

பள்ளி வாசலில் நின்று அவள் இன்னொன்று சொன்னாள். பதினொரு வருடமாக இருவரும் பேசுவதில்லை. ஆனால் நவம்பரில் ஒரு சனிக்கிழமை மரத்துக்கு வருவார்கள். அவர் கிழக்குப் பக்கம், இவள் மேற்குப் பக்கம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த வீட்டில் இருப்பவரிடம் சொல்வார்கள், அவர் அடுத்தவரிடம் சொல்வார். வீடு பூட்டிக்கிடந்த வருடங்களில் மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்களாம். "பேச மாட்டோம். ஆனா வருவோம். இந்த வருஷம் எதைப் பறிக்க வர்றது, சொல்லு?"

இதைப் பற்றி என் பட்டியலில் எந்த வரியும் இல்லை. வீட்டுக்கு வந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு மரத்தடியில் நின்றேன். என் ஏணி மூன்று மீட்டர். அதற்கு மேலே கிளைகளில் காய் அப்படியே இருந்தது. மூன்றில் ஒரு பங்காவது தேறும். கருக்கத் தொடங்கியிருந்தது. என் ஏணி குட்டையாக இருந்ததற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

இரண்டு பேரிடமும் உண்மையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும் முற்றத்துக்கு வரச் சொன்னேன், மற்றவரும் வருவார் என்றும் சொன்னேன். மறைத்து வரவழைக்கலாமா என்று ஒரு இரவு யோசித்தேன், ஆனால் எனக்குப் பொய் வராது. இரண்டு பேரும் வந்தார்கள். அடுத்தவர் தப்பான இடத்தில் தோண்டவிட்டுவிடுவாரோ என்ற பயம்தான் இருவரையும் இழுத்துவந்தது என்று நினைக்கிறேன். லொயிசோஸ் கையில் இரும்புக் கம்பியோடு நின்றார். நான் நடுவில்.

"அவகிட்டச் சொல்லு" என்று பியெரிஸ் மாமா ஆரம்பித்தார். அவள் நின்றது இரண்டு மீட்டர் தூரத்தில். "இந்த இடத்துல தோண்டினா பெரிய வேர் போயிடும். மரம் ரெண்டு வருஷத்துல பட்டுப்போகும்."

"அத்தை, மாமா சொல்றாங்க..."

"கேட்டுச்சு. என் காது நல்லாத்தான் இருக்கு, ஸ்பீக்கருக்கு அப்புறமும். அவன்கிட்டச் சொல்லு, வேர் அவன் சொல்ற பக்கம் போகல, தெக்காலதான் போகுது. இவன் என்னைக்கு வேரைப் பாத்தான்? எப்பவும் மேலதான் பாத்துக்கிட்டு இருப்பான்."

"சொல்லு அவகிட்ட, அஞ்சு வயசுல இந்த மரத்துலருந்து விழுந்தது யாருன்னு."

"தள்ளிவிட்டது யாருன்னும் அவன்கிட்டக் கேளு!"

லொயிசோஸ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "அத்தை, மாமா," என்றேன், "வேர் எந்தப் பக்கம் போனாலும் சரி, மரத்துக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. இங்க தோண்ட வேண்டாம். வேற இடம் இல்லைன்னா நான் அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

அதைச் சொல்ல வேண்டும் என்று நான் திட்டமிட்டிருக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே ஒருமுறை அந்த மரத்தை என்னுடையது என்று நினைத்துவிட்டேன். இரண்டாவது முறையும் அந்தத் தப்பைச் செய்ய மனம் வரவில்லை.

ரொடூலா அத்தை முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சமையலறைச் சுவரை ஒட்டி நடந்து போய், செருப்பால் தரையைத் தட்டினாள்.

"இங்க திராட்சை மிதிக்கிற தொட்டி இருந்துச்சு. பெருசா, தரைக்குள்ள. தாத்தா அதை மண்ணு கொட்டி மூடிட்டுத்தான் வீட்டை வித்தாரு. அப்பா எனக்குச் சொல்லியிருக்காரு. இதுக்குக் கீழ பாறை இல்லை."

"தொட்டி வாசல் பக்கம்ல இருந்துச்சு" என்றார் பியெரிஸ் மாமா, என்னிடம்.

லொயிசோஸ் கம்பியைக் குத்தினார். அரை மீட்டர் சத்தமில்லாமல் இறங்கியது. இன்னும் இரண்டு இடத்தில் குத்தினார். எல்லாம் தளர்வான மண். மரத்திலிருந்து ஒன்பது மீட்டர். அவர் வாயில் இருந்ததை மறுபடியும் மெல்லத் தொடங்கினார். நல்ல சேதி என்று அதிலேயே தெரிந்தது.

பியெரிஸ் மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சொல்லு அவகிட்ட. ஞாபகம் சரியாத்தான் இருக்குன்னு."

இடம் தள்ளிப்போனாலும் அதே முற்றம் என்பதால் கையெழுத்து வேண்டும் என்றார் லொயிசோஸ். இருவரும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யார் முதலில்? இதற்கு மட்டும் நான் தயாராக வந்திருந்தேன். ஒரே மனுவை இரண்டு படிகளாக அச்செடுத்து வைத்திருந்தேன், இரண்டு பேனாவோடு. மேசையின் இரண்டு பக்கமும் வைத்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போடுங்க. அப்புறம் தாளை மாத்திக்கிட்டு மறுபடியும் ஒரே நேரத்துல. லொயிசோஸ் மூணு எண்ணுவார்."

"ஓட்டப்பந்தயமா இது?" என்றார் பியெரிஸ் மாமா. ஆனால் குனிந்துவிட்டார். லொயிசோஸ் மிகவும் கண்ணியமாக மூன்று எண்ணினார். நான்கு கையெழுத்துகள் விழுந்தன. நான் இரண்டு தாளையும் எடுத்து மூன்று முறை சரிபார்த்தேன்.

"ஒரு விஷயம்" என்றாள் ரொடூலா அத்தை. "பறிக்கிற அன்னைக்கு வீட்டுக்காரி காபி போடணும், சோறு போடணும். அது எப்பவும் உள்ள பேச்சு. காராமணி, வெங்காயம், டூனா மீன். எலுமிச்சை தாராளமா."

"சரி அத்தை."

"கொத்தமல்லி விதையும்" என்றாள்.

அனுமதி கிடைத்து, இருபத்திரண்டாம் தேதி பொக்லைன் வந்தது. பழைய தொட்டி இருந்ததால் இரண்டு நாள் என்று நினைத்த வேலை அரை நாளில் முடிந்தது. உள்ளே ஓடு பதித்தவர் பியெரிஸ் மாமாவின் மனைவியுடைய தம்பி; பேருந்து வேலை இல்லாத மதியங்களில் மாமாவே அவரை அழைத்துவந்தார். அம்மா பிடித்துக்கொள்ளச் சுவரில் கைப்பிடிகள் வைத்தோம். எந்த உயரத்தில் என்று தெரியாமல் நான் அளந்து அளந்து குழம்பிக்கொண்டிருந்தபோது ரொடூலா அத்தை வந்து, கழிப்பறையில் உட்கார்ந்து எழுந்து காட்டி, "இங்க வைய்யி. உங்க அம்மா என்ன ஒட்டகமா?" என்றாள்.

நவம்பர் பதினைந்தாம் தேதி அம்மா வந்தாள். விமான நிலையத்திலிருந்து அவளைக் கூட்டிவர என் சின்ன வண்டி வசதிப்படாது என்று பியெரிஸ் மாமா பள்ளிப் பேருந்தையே எடுத்துவந்தார், சொந்தச் செலவில், அனுமதி கேட்டுத்தான். முப்பத்திரண்டு இருக்கைகளில் அம்மா முன்னால் தனியாக உட்கார்ந்து வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மரத்துக்கு வந்தார்கள். நீள ஏணி, வலை, சாக்கு. அவர் கிழக்கு, இவள் மேற்கு. நான் சமையலறையில் இருந்ததால், கைத்தடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் தூது சொல்லும் வேலை போயிற்று.

"அம்மா, அவகிட்டச் சொல்லுங்க, ஏணி ஆடுதுன்னு" என்றார் ஏணியில் நின்ற பியெரிஸ் மாமா.

அம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை கைத்தடியைத் தரையில் தட்டினாள். "இடுப்புல இரும்பை வெச்சுக்கிட்டுக் கடல் தாண்டி வந்தது உங்க ரெண்டு பேருக்கும் தபால் குடுக்கவா? வாய் இருக்குல்ல?"

கரண்டியோடு வாசலில் நின்றேன். மரத்தில் சத்தம் நின்றது.

கடைசியில் மேலேயிருந்து பியெரிஸ் மாமாவின் குரல் வந்தது. "ஏணியைப் புடி."

"புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள் ரொடூலா அத்தை.

மேல் கிளைகளில் பதினான்கு கிலோ இருந்தது. அடுத்த வருடம் முழு மரமும் உங்களுக்குத்தான் என்று நான் சொன்னதற்கு, "அது எங்களுக்குத் தெரியாதா?" என்று இருவரும் சேர்ந்தாற்போல் சொன்னார்கள். அவர்களுக்குக் கொடுத்த என் ஜாடிகள் இரண்டும் திரும்பி வந்திருந்தன, ஒன்றில் வால்நட் இனிப்பு, ஒன்றில் தேன். நீல ரிப்பனை இருவருமே பத்திரமாகத் திரும்பக் கட்டியிருந்தார்கள்.

சாப்பிடும்போது மறுபடியும் பழைய கதைதான். "அவன்கிட்டச் சொல்லு, உப்பைக் குறைச்சுக்கச் சொல்லு, அவனுக்குப் பிரஷர் இருக்கு." நான் சொன்னேன். இந்த வேலை இனி எனக்கு ஒவ்வொரு நவம்பரும் உண்டு. பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும், நாற்பத்துமூன்றாவது வரியாக.

நடுவில் அம்மா எழுந்தாள். நான் எழப்போனேன், அவள் கையைக் காட்டி என்னை உட்காரவைத்தாள். கைத்தடி தட்டிக்கொண்டே உள்ளே போயிற்று. பாத்ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் இறங்கி, சுவருக்குள் ஓடி, எங்கள் காலடியில் எங்கோ போய் அடங்கியது. மேசையில் மூன்று பேரும் கரண்டியைக் கையில் வைத்தபடி அதைக் கேட்டோம்.

"நல்லா வடியுது" என்றாள் ரொடூலா அத்தை, பொதுவாக.

"அவகிட்டச் சொல்லு..." என்று பியெரிஸ் மாமா என் பக்கம் திரும்பினார். வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "ஆமா, ரொடூலா. நீ சொன்ன இடம்தான்" என்றார்.

அவள் எலுமிச்சையை அவர் பக்கம் நகர்த்தினாள்.